மலை சரிந்த இடத்தில் எதைக் கட்டுவது?

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பிரமுகர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் போலும். பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிமாரே, முன்னால் வந்து உட்காருங்கள். யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதுதான் இன்றைய பேச்சும்.

பேரழிவில் மாண்டவர்களுக்கு எழுப்பும் நினைவிடம் எப்படி அமைய வேண்டும்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. இதைக் கொழும்பில் பேசலாம், வெளிநாட்டுக் கட்டடக்கலைக் கல்லூரியில் படம் போட்டுக் காட்டிப் பேசலாம். ஊவாவில் பேசுவது வேறு. இங்கே இந்தக் கேள்விக்கு ஓர் ஊர் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29. புதன்கிழமை. காலை ஏழரை மணி வாக்கில், கொஸ்லந்தைக்கு மேலே, அம்பிட்டிகந்த தோட்டத்து மீரியபெத்தை பிரிவில் மலை இறங்கி வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போயின. கோயில் போயிற்று. கடைகளும் பால் சேகரிக்கும் நிலையமும் போயின. தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது.

அது திடீரென்று வந்ததா? சொல்லுங்கள், திடீரென்றா வந்தது? இந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று 2005இலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. பிறகும் சொன்னது. எங்கே போவது, யாருடைய காணிக்குப் போவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. போக இடமில்லாதவனிடம் "போ" என்பது எச்சரிக்கையா? காகிதத்தில் அது எச்சரிக்கைதான்.

சரி, நினைவிடத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் நினைவுச் சின்னமே இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. இந்த நகரத்திலேயே புனித மாற்கு தேவாலயம் நிற்கிறதே, போகும்போதும் வரும்போதும் பார்க்கிறோமே, அது யாருடைய நினைவாகக் கட்டியது? மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். வெள்ளைக்கார அதிகாரி. ஊவாவில் பாதை போட்டவர். ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். 1857இல் அவர் நினைவாக இந்தக் கோயிலைத் திறந்தார்கள். இடி விழுந்து செத்த ஒரு மனிதருக்கு ஒரு தேவாலயம். அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அழகான கட்டடம். ஆனால் அவர் போட்ட பாதையில் கல் உடைத்தவர்கள் எத்தனை பேர் செத்தார்கள்? அவர்களின் கல் எங்கே?

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்னைக்குப் போங்கள். உச்சியில் தோமஸ் லிப்டன் உட்கார்ந்திருக்கிறார், வெண்கலத்தில். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் இருந்து ரசித்த இடம் என்பதால் அந்த இடத்துக்கே அவர் பெயர். அவரைச் சுற்றி நான்கு பக்கமும் கொழுந்து எடுத்தவர்கள் எங்கே இருந்து எதைப் பார்த்தார்கள் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு மலையில் பார்த்தவருக்குச் சிலை, உழைத்தவருக்கு லயம். நமது மலையகத்தின் நினைவுக் கட்டடக்கலை இதுவரைக்கும் இவ்வளவுதான்.

ஏன் இப்படி? கலைஞர்கள் இல்லாமலா? காசு இல்லாமலா? என் கணக்கில் காரணம் ஒன்றே ஒன்று. நிலம்.

நினைவிடம் கட்ட முதலில் வேண்டியது சிற்பியோ சிமெந்தோ இல்லை. ஒரு துண்டு நிலம் வேண்டும். "இது இனி எங்களுடையது, இதில் வேறெதுவும் நடக்காது" என்று சொல்லக்கூடிய நிலம். தோட்டத்தில் அதைச் சொல்ல யாருக்கு அதிகாரம்? 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. எந்தக் கை மாற்றத்திலும் லயத்துக் குடும்பம் காணி உறுதியில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. இருக்கும்போது காம்பரா தோட்டத்துடையது. இறந்தால் புதைக்கும் குழியும் தோட்டத்துடையது. மேடு இரண்டு பருவ மழையில் கரையும், பிறகு அது தரிசா, தேயிலையா என்பது துரையின் முடிவு. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தம் எழுத்தில் இந்தத் துயரத்தை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பதித்துவிட்டார். நாம்தான் இன்னும் அதே இடத்தில் நிற்கிறோம்.

ஆகவே என் முதல் கோரிக்கை வரைபடத்தைப் பற்றியதல்ல, பதிவேட்டைப் பற்றியது. சரிந்த அந்த நிலத்தைத் தேயிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை மயானமாக வர்த்தமானியில் அறிவியுங்கள். அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். எடுக்கப்படாத உடல்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. மயானமல்லாமல் அந்த நிலம் வேறு என்னவாக இருக்க முடியும்?

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. தென்னமெரிக்காவில் பெரு நாடு. 1970 மே 31. பூமி அதிர்ந்தது, உவாஸ்கரான் மலையின் பனியும் பாறையும் பெயர்ந்து கீழே யுங்காய் என்ற நகரத்தை மூடின. ஏறத்தாழ 20,000 பேர். அந்த அரசாங்கம் என்ன செய்தது? தோண்டக்கூடாது என்றது. நகரம் முழுவதையும் மயானமாக அறிவித்தது. புதிய ஊரைத் தள்ளி வேறிடத்தில் கட்டியது. பழைய ஊரின் சதுக்கத்தில் மண்ணுக்கு மேலே தலை நீட்டி நின்ற பனையினத்து மரங்கள் நாலு. அவைதான் இங்கே ஊர் இருந்தது என்று காட்டின. கவனியுங்கள், அங்கே பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் உயரத்தில் இருந்த பழைய கல்லறைக் குன்றில் ஏறியவர்கள். செத்தவர்களின் இடம் உயிரோடிருந்தவர்களைக் காப்பாற்றியது. நினைவிடம் வடிவமைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இத்தாலியில், சிசிலித் தீவில் வேறு மாதிரிச் செய்தார்கள். 1968 நிலநடுக்கத்தில் ஜிபெல்லினா என்ற ஊர் தரைமட்டமாயிற்று. அல்பெர்த்தோ பூரி என்ற கலைஞர் இடிபாடுகளின் மேலேயே வெள்ளைக் கொங்கிரீட்டை ஊற்றி, பழைய தெருக்களை மட்டும் பிளவுகளாக விட்டார். 1984இல் தொடங்கிய வேலை பாதியில் நின்று 2015இல்தான் முடிந்தது. இன்றைக்கும் அந்தத் தெருக்களில் நடக்கலாம். உலகமே புகழ்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மீரியபெத்தைக்குக் கொங்கிரீட் கொண்டுவரலாம் என்று எந்தப் பொறியியலாளராவது கிளம்பினால் தயவுசெய்து மறியுங்கள். ஒரு கன மீற்றர் கொங்கிரீட்டின் எடை 2,400 கிலோ. சரிந்த நிலம் சரிந்து முடிந்த நிலமல்ல. தண்ணீர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதன் தலையில் பாரத்தை ஏற்றுவது அடுத்த சரிவுக்கு அத்திவாரம் போடுவது.

அப்படியானால் சரிவின் மேலே எதுவும் வேண்டாம். அங்கே புல் முளைக்கட்டும், மரம் வரட்டும், கான் மட்டும் ஒழுங்காக வெட்டித் தண்ணீர் வடியட்டும். நாம் கட்டுவதை எதிரே, உறுதியான தரையில் கட்டுவோம். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரிய வேண்டும்.

எதைக் கட்டுவது? ஒரு தூணை நட்டு, உச்சியில் ஒரு விளக்கு வைத்து, அடியில் ஒரு பளிங்குப் பலகையா? அந்தப் பலகையில் திறந்து வைத்த அமைச்சரின் பெயர் ஒரு அங்குல எழுத்தில் இருக்கும், இறந்தவர்களின் பெயர் கால் அங்குலத்தில் இருக்கும், அதுவும் இடம் மிஞ்சினால். சிரிக்கிறீர்கள். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

நம்முடைய பழைய மரபு இதைவிட நாகரிகமானது. நடுகல் தமிழர்களுக்குப் புதிதா? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல் நடுவதற்குத் தொல்காப்பியம் படிமுறை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண வேண்டும். நாள் பார்த்து எடுக்க வேண்டும். நீராட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நடுவது. பிறகும் படையல் இருக்கிறது, வாழ்த்து இருக்கிறது. நடுவது நாலாவது படி! நாம் இன்று என்ன செய்கிறோம்? கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தக்காரரைப் பிடித்து, நேரே நாலாவது படியில் ஏறி நிற்கிறோம். ரிப்பன் வெட்டியதும் இறங்கிவிடுகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நடுகல் போரில் விழுந்த வீரனுக்கு. மீரியபெத்தையில் இறந்தவர்களை வீரர்கள் என்றோ தியாகிகள் என்றோ பலகையில் எழுதாதீர்கள். அவர்கள் எதையும் தியாகம் செய்யவில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. தியாகம் என்று எழுதிவிட்டால் பறித்தது எது, தடுக்கத் தவறியது யார் என்ற கேள்வி அந்தக் கல்லுக்கு அடியில் போய்விடும்.

இனி, பெயர்கள்.

அந்த முதல் நாளில் எத்தனை பேரைக் காணவில்லை என்றார்கள்? சிலர் 300 என்றார்கள். பிறகு 200க்குள் என்றார்கள். அப்புறம் நூறு. கடைசியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நாற்பதுக்குள் வந்து நின்றது. எண் குறைந்தது ஆறுதல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒருவர் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று அன்றன்றைக்குக் கணக்கு உண்டு. அரைப் பேரா முழுப் பேரா என்று செக்ரோலில் உண்டு. அந்த லயத்தில் அன்று காலையில் எத்தனை உயிர் இருந்தது என்ற கணக்கு மட்டும் ஒருவர் கையிலும் சுத்தமாக இல்லை. ஆகவே மீரியபெத்தைக்கு முதல் நினைவுச் சின்னம் எது? ஒரு சரியான பட்டியல். வீடு வீடாக உட்கார்ந்து, உறவினர் வாயால் கேட்டு எழுதிய பட்டியல். அடையாள அட்டையில் எழுதுவினைஞர் பிழையாக எழுதிய பெயர் வேண்டாம். தாய் கூப்பிட்ட பெயர் வேண்டும்.

கேரளத்தைப் பாருங்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். அவர்களும் நம்மைப் போலத் தேயிலைத் தமிழர்தான். பலருடைய பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். அங்கேயும் நாலு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 30, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. உடல்கள் ஆற்றோடு போய்த் துண்டு துண்டாகக் கிடைத்தன. புத்துமலையில் தோட்டக் காணியில் பொது மயானம் அமைத்து, எல்லா மதத்துப் பிரார்த்தனையும் செய்து அடக்கினார்கள். முதலில் அந்தக் கற்களில் பெயர் இல்லை. மரபணுப் பரிசோதனைக்கான எண் மட்டும். பிறகு முடிவுகள் வர வர, எண்ணுக்கு உரியவர் யாரென்று தெரிந்து, கல்லுக்குப் பெயர் கிடைத்தது. அந்த எண் போட்ட கல்லை எந்தச் சிற்பியும் வடிவமைக்கவில்லை. எனக்குத் தெரிந்த நேர்மையான நினைவுக் கற்களில் அதுவும் ஒன்று. தெரிந்ததை மட்டும் எழுதி, தெரியவரும்போது திருத்தியது.

பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது? அகர வரிசையா? வயதா? இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வொஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின்னுக்கு அப்போது 21 வயது, பல்கலைக்கழக மாணவி. 1982இல் திறந்தார்கள். கருங்கல்லில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள். அகர வரிசை வேண்டாம், இறந்த நாள் வரிசையில் எழுதுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். ஒன்றாகச் செத்தவர்கள் ஒன்றாக இருப்பார்கள் அல்லவா? நியூயோர்க்கில் இரட்டைக் கோபுர நினைவிடத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் என்று குடும்பங்களிடமே கேட்டு எழுதினார்கள்.

மீரியபெத்தைக்கு வரிசை தயாராக இருக்கிறது. லய வரிசை. லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தொடங்குங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அவ்வளவுதானே நம்முடைய காம்பரா? அதே அளவில், எதிர்க் கரையின் உறுதியான தரையில், தரைமட்டத்துக்குக் கருங்கல் பதியுங்கள். சுவர் வேண்டாம், கூரை வேண்டாம். ஒரு காம்பரா, அடுத்த காம்பரா, வாசற்படி, இஸ்தோப்பு. ஒவ்வொரு வாசற்படிக் கல்லிலும் அந்த வீட்டார் பெயர், தமிழிலும் சிங்களத்திலும். தோண்டிப் பார்க்க ஓடி வந்தவர்களில் சிங்களச் சகோதரர்கள் இருந்தார்கள், அவர்களும் வாசிக்கட்டும். வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர் அந்தப் பத்தடிக்குள் காலை வைத்து நிற்கும்போது, இதற்குள்ளேயா ஆறு பேர் படுத்தார்கள் என்று அவருக்கே தெரியும். நாம் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. கருங்கல்லுக்கு இத்தாலி போகவும் தேவையில்லை. இந்த மலைகளில் கல் கட்டு வைத்து மண்ணைப் பிடித்து நிறுத்தியது யாருடைய கை? சுண்ணாம்பும் இல்லாமல், சிமெந்தும் இல்லாமல், கல்லுக்குக் கல் கொடுத்து அடுக்கிய அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இன்றைக்கும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கூலிக்குக் கூப்பிடாதீர்கள், ஆசிரியர்களாகக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு செய்தால் போதுமா? போதாது என்கிறது வேல்ஸ் நாட்டின் அபர்வான்.

1966 ஒக்டோபர் 21. நிலக்கரிச் சுரங்கக் கிராமம். மலையில் கொட்டி வைத்திருந்த ஏழாம் இலக்கக் கழிவுக் குவியல் மழையில் இளகி இறங்கியது. கீழே பள்ளிக்கூடம். முதல் பாடம் தொடங்கிய நேரம். 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள். நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் காப்பாற்றியது, அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மண் மூடியது. இன்று அந்தப் பள்ளி இருந்த இடத்தில் பூங்கா இருக்கிறது. மலைச் சரிவில் பிள்ளைகளின் கல்லறை மேல் வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதிக்குப் பின்னால் என்ன சண்டை நடந்தது தெரியுமா? ஊருக்கு மேலே மிச்சக் குவியல்கள் அப்படியே நின்றன. அவற்றை அகற்றுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். அகற்றினார்கள், ஆனால் செலவில் ஒன்றரை லட்சம் பவுண்டை எங்கிருந்து எடுத்தார்கள்? உலகம் முழுவதும் மக்கள் அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து! திருப்பிக் கொடுக்க 1997 வரை ஆயிற்று. தலைக்கு மேலே ஆபத்து நிற்கும்போது கீழே கல்லறைக்கு வளைவு கட்டிப் பயனில்லை என்று அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரிகிறதா? மீரியபெத்தையில் தப்பியவர்கள் பள்ளிக்கூடத்திலும் தேயிலை ஸ்டோரிலும் காலம் தள்ளி, இரண்டு ஆண்டு கழித்து 2016இல்தான் மக்கல்தெனியவில் வீட்டுக்குப் போனார்கள். 75 வீடு, வீட்டுக்கு 7 பேர்ச். பக்கத்துத் தோட்டங்களில் வெடிப்பு விழுந்த லயங்களில் இருந்தவர்களுக்கு அது கிடைத்ததா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் போனார்கள். பதுளை மாவட்டமும் அடி வாங்கியது, மலைகள் மறுபடி இறங்கின. பதினொரு ஆண்டில் நாம் எதைப் படித்தோம்?

ஆகவே நினைவிடம் பேச வேண்டும். பழையதை மட்டுமல்ல, வரப்போவதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில் ஒரு கல் இருக்கிறது. 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று பொறித்து நட்டார்கள். ஊரார் கேட்டார்கள். 2011இல் அலை வந்தது. கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அந்த ஊரின் வீடுகள் தப்பின.

நம் கல் எதைச் சொல்லலாம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிரு. 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150ஐத் தாண்டினால் வெளியேறு. இந்த மூன்று எண்ணும் லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? நினைவிடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். பக்கத்தில் ஆளுயரக் கல்லில் இந்த மூன்று கோட்டையும் வெட்டுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் வந்து அளந்து கரும்பலகையில் எழுதட்டும். எழுதிய எண் தோட்டத்து அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் போகட்டும். ஆண்டுக்கு ஒரு நாள், ஒக்டோபர் 29, விளக்கேற்றப் போகிற இடமாக மட்டும் இருந்தால் பத்தாவது ஆண்டில் புதர் மண்டிவிடும். தினமும் ஒரு வேலை இருக்கிற இடத்துக்குத்தான் பாதை தேயும். 150 ஆனால் எங்கே ஓடுவது? அதையும் அங்கேயே காட்டுங்கள். அந்தப் பாதைக்குப் படி கட்டுங்கள், கிழவிகள் இரவில் பிடித்து ஏறக் கைப்பிடி வையுங்கள். அதற்கும் நினைவிடச் செலவிலேயே காசு ஒதுக்குங்கள்.

இது கலையா, வடிகால் வேலையா என்று என் தொழிலைச் சேர்ந்த சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு குழு அமைக்கலாம் என்று அவைத் தலைவர் ஏற்கெனவே என் காதில் சொல்லிவிட்டார். நல்லது. அந்தக் குழுவின் முதல் கூட்டத்தைப் பதுளைக் கச்சேரியில் வைக்காதீர்கள். மக்கல்தெனியவில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, இழந்து ஒரு தாய் கூட்டத்துக்கு வரக்கூடாது. வரைபடத்தோடு போகாதீர்கள், வெற்றுக் கொப்பியோடு போங்கள். முதல் பக்கத்தில் தொங்கல் காம்பரா என்று தலைப்புப் போட்டு, அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கொப்பி நிரம்பும்வரை கல்லுக்கு விலை விசாரிக்க வேண்டாம்.